ஒரு டாலர் மரியாதை

டொரன்டோவில் சில வீடுகளின் முன்புறப் புல்தரையில் ஒரு பலகை நடப்பட்டிருக்கும். பச்சை, நீலம், மஞ்சள் என மூன்று பட்டைகள். ஸ்பானிஷ், ஆங்கிலம், அரபு என மூன்று மொழிகள். எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும் நீங்கள் எங்களுக்கு அண்டை வீட்டுக்காரர் ஆனதில் மகிழ்ச்சி என்பது அதன் சாரம். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஹாரிசன்பர்க் என்ற ஊரில் ஒரு மென்னோனைட் தேவாலயத்தார் 2015இல் கையால் எழுதி வைத்த பலகை அது. அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல் சூட்டில் ஊர் ஊராகப் பரவி, எல்லை தாண்டிக் கனடாவுக்கும் வந்து சேர்ந்தது.

நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படிக்கிறவர் நடைபாதையில் நின்றபடிதான் படிக்கிறார். அங்கே மதில் கிடையாது, கேட் கிடையாது. நடைபாதை முடிகிற இடத்தில் புல் தொடங்குகிறது, அவ்வளவுதான். அப்படியிருந்தும் முன்பின் தெரியாதவர் யாரும் அந்தப் புல்லில் கால் வைப்பதில்லை. மதில் வைத்துப் பழகிய நமக்கு இந்த மதிலில்லாத ஊரின் கட்டுப்பாடு பிடிபடக் கொஞ்சக் காலம் ஆகும். பலகை வைத்த வீட்டுக் கதவைத் தட்டி, ‘படித்தேன், ரொம்ப சந்தோஷம்’ என்று சொல்லிவிட்டு வர முடியுமா? போலீஸைக் கூப்பிடாமல் விட்டால் சரி.

கோடையில் ஓரிரு சனிக்கிழமைகளில் மட்டும் இந்தக் கட்டுப்பாடு தளர்கிறது. மே மாத விக்டோரியா நாள் விடுமுறைக்குப் பிறகு பனி திரும்பிவிடுமோ என்ற பயம் போய்விடும். அதிலிருந்து செப்டம்பர் வரை, வெள்ளிக்கிழமை சாயங்காலமே மின்கம்பங்களில் அட்டைகள் முளைக்கும்: யார்ட் சேல், சனி காலை 8 மணி, கீழே ஒரு அம்புக்குறி. முற்றத்தில் பரப்பினால் யார்ட் சேல், கார் நிறுத்தும் கொட்டகையில் பரப்பினால் கராஜ் சேல், இரண்டும் ஒன்றுதான். வேண்டாத வீட்டுச் சாமான்களை வீட்டுக்காரரே வெளியே எடுத்து வைத்து விற்கிறார். நவம்பரிலிருந்து மார்ச் வரை காருக்கும் கதவுக்கும் நடுவே தலையைக் குனிந்துகொண்டு ஓடிய தெரு, அன்றைக்குத்தான் நிதானமாக நிற்கிறது.

நாலைந்து மடக்கு மேசைகள், இடம் போதாமல் தரையில் ஒரு தார்ப்பாய். மேலே இரண்டே முறை பயன்படுத்திய பிரெட் மேக்கர், சீஸ் உருக்கும் சட்டி, கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன ஸ்கேட்டுகள், துணி காயப்போட மட்டுமே பயன்பட்ட உடற்பயிற்சி சைக்கிள். பொருள்மீது ஒட்டிய வட்டத் துண்டுகளில் விலை. ஜிக்சா புதிர்ப் பெட்டியின் மூடியில் ‘ஒரு துண்டு காணோம்’ என்று பென்சிலால் எழுதியிருக்கும். இந்த நேர்மை என்னை எப்போதும் ஆச்சரியப்படுத்துகிறது. ஒரு டாலர் புதிருக்கு யார் வந்து நியாயம் கேட்கப் போகிறார்கள்? வீட்டுக்குள்ளிருந்து கதவிடுக்கு வழியாக ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் வரும். டோஸ்டரைச் செருகிப் பார்க்கலாம். கம்பி சிவக்கிறதா என்று விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து குனிந்து பார்ப்பார்கள். சில்லறைக்கு ஒரு பிஸ்கட் டின். கனடாவில் ஒரு சென்ட் நாணயம் 2013இல் நின்றுபோனது. இந்த மேசைகளில் கால் டாலருக்குக் கீழே எப்போதுமே கணக்குக் கிடையாது.

எட்டு மணி என்று எழுதினால் ஏழுக்கே வியாபாரிகள் வந்துவிடுவார்கள். இசைத்தட்டு, பழைய கடிகாரம், வெள்ளிக் கரண்டி என்று மதிப்புள்ளவற்றைப் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்திரிகைகளில் யார்ட் சேல் பற்றி வரும் செய்தியெல்லாம் இந்த ரகம்தான். 2020இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒருவர் யார்ட் சேலில் 35 டாலருக்கு வாங்கிய சிறு பீங்கான் கிண்ணம், 15ஆம் நூற்றாண்டு மிங் அரசவைக் கிண்ணம் என்று தெரியவந்தது. 2021 மார்ச்சில் சோத்பி ஏலத்தில் ஏழு லட்சத்து இருபதாயிரம் டாலருக்கு மேல் போனது. லாட்டரிச் சீட்டு விழுந்த செய்திக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. மற்ற மேசைகளில் நடப்பது எதுவும் செய்தியாவதில்லை.

நடப்பது இது. பொருளின் விலை மிகச் சிறியது. ஆனால் விலை என்று ஒன்று இருக்கிறது. அந்தச் சிறு விலை செய்யும் வேலையைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

நம் ஊர் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். பழைய பொருள் நம்மிடம் எப்போதும் மேலிருந்து கீழே போகும். பழைய சேலை வீட்டு வேலை செய்யும் அம்மாவுக்கு; பழைய சட்டை வாட்ச்மேன் மகனுக்கு; வாங்க ஆளில்லாததைப் பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் தருகிறவரிடம் போடுவோம்; மிச்சத்தைப் போகியன்று கொளுத்துவோம். கொடுப்பவர் காசு வாங்குவதில்லை. வாங்கிக்கொள்பவர் அதற்குப் பதிலாகத் தலையைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டியிருக்கிறது. அடுத்த முறை ‘அந்தச் சேலை எங்கே, கட்டவே காணோமே’ என்ற விசாரணைக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. சம அந்தஸ்துள்ள இருவருக்கிடையே பழைய துணி கைமாறுவது பச்சைக் குழந்தைக்கு மட்டும்தான். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி உறுத்தும் என்று உறவுக்காரப் பிள்ளை போட்டுப் பழகிய சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுவோம். அந்த வயதைத் தாண்டிவிட்டால் ‘யாரோ போட்டதைப் போடுவதா’ என்ற கேள்வி வந்துவிடும்.

பழையதே நமக்கு ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோகும்வரை, நடுத்தர வர்க்கம் அங்கே பழைய புத்தகத்துக்கும் பழைய கிராமபோனுக்கும் கூச்சமில்லாமல் போய் வந்தது. ஆனால் அங்கே விற்பவர் வியாபாரி. பொருள் யாருடையது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். யார்ட் சேலில் அந்தக் குவளையில் காபி குடித்த ஆளே எதிரில் நிற்கிறார்.

புதிதாகக் கனடா வந்து இறங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு முதல் கோடையில் இதனால் பெரிய சங்கடம். வாடகைக்கு எடுத்த அபார்ட்மென்ட்டில் மெத்தையும் குக்கரும் மட்டும் இருக்கும். மேசை வேண்டும், விளக்கு வேண்டும், பிள்ளைக்குப் பனிச் சப்பாத்து வேண்டும். கடையில் வாங்கக் கட்டாது. தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் இலவசமாகவே கொடுக்கும். அதற்குப் படிவம் நிரப்பி, வருமானம் சொல்லி, வரிசையில் நிற்க வேண்டும். யார்ட் சேலில் இதெல்லாம் இல்லை. நாணயத்தைக் கொடுத்தோம், பொருளை எடுத்தோம், கணக்கு முடிந்தது. யாருக்கும் யாரும் கடன்பட்டவர் ஆவதில்லை. மேசையின் இரு பக்கமும் ஒரே உயரம்.

நியூயார்க் மாநிலத்தின் கார்ட்லண்ட் கல்லூரியில் பணியாற்றிய மானுடவியலாளர் கிரெட்சன் ஹெர்மன், 1980களிலிருந்து இந்தக் கராஜ் சேல்களையே ஆராய்ந்து எழுதியவர். அங்கே கைமாறுவது சரக்கா, கொடையா என்ற கேள்வியை வைத்து 1997இல் ஒரு மானுடவியல் இதழில் கட்டுரை எழுதினார். இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்பதுதான் அவர் கண்டது. பொருளை நன்றாக வைத்துக்கொள்வார் என்று தோன்றும் ஆளுக்கு விற்பவர் விலையைத் தானாகவே குறைக்கிறார். கூடவே இன்னொன்றை எடுத்துப் பையில் போடுகிறார். பொருளின் கதையையும் சொல்லி அனுப்புகிறார். எந்தக் கடைக்காரரும் இப்படி நடந்துகொண்டால் பிழைக்க முடியாது.

நான் வசிக்கும் ஸ்கார்பரோவில் ஒரு ஜூன் சனிக்கிழமை பார்த்தது நினைவுக்கு வருகிறது. மேசைக்குப் பின்னால் எண்பதை நெருங்கும் கிரேக்கப் பாட்டி. முன்னால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அதிக நாளாகாத ஒரு தாய், ஏழெட்டு வயதுப் பையன். பேரன் போட்டு விட்ட ஸ்கேட்டுகளுக்குப் பாட்டி ஐந்து டாலர் என்று ஒட்டியிருந்தார். தாய் என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணை, இது பிள்ளைக்குப் பெரிசெல்லோ?” என்றார். எனக்கு என்ன தெரியும்? நான் ஆங்கிலத்தில் கேட்பதற்குள் பாட்டிக்குக் கேள்வி புரிந்துவிட்டது. பையனைப் புல்லில் உட்கார வைத்து, சிரமப்பட்டுக் குனிந்து, அவரே மாட்டிவிட்டார். குதிகால் உள்ளே ஆடக்கூடாது என்று அழுத்திக் காட்டினார். பனித்தளத்திலிருந்து வந்ததும் அடித்தகட்டை ஈரம் போகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் துரு ஏறும். ஹெல்மெட் இல்லாமல் இறங்கவிடாதே. மாநகராட்சித் தளத்தில் காசில்லாமல் சறுக்கலாம், அது இன்ன பூங்காவில் இருக்கிறது என்று கையாலேயே வழியும் சொன்னார். தாய் மூன்று விரலைக் காட்டினார். பாட்டி முகத்தைச் சுளிப்பதுபோல் நடித்துவிட்டு மூன்று டாலரை வாங்கிக்கொண்டு, ஒரு கம்பளித் தொப்பியைப் பையன் தலையில் மாட்டினார்.

தெருமுனை வரை கூடவே நடந்தேன். “ரெண்டு டொலர் குறைச்சுப் போட்டன்” என்றார் அந்தத் தாய். அவர் குரலில் இருந்தது நன்றியல்ல, வெற்றி. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. வந்த நாட்டில் எல்லாருடைய தயவுக்கும் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டிய ஒருவருக்கு, ஒரு காலையில் ஒருவரைப் பேரத்தில் ஜெயித்த திருப்தி. தோற்றவருக்கும் அதே திருப்தி.

குடியேறியவரை வரவேற்பது எப்படி என்று அரசுகள் நிறைய யோசிக்கின்றன. ஏறத்தாழப் பாதிப்பேர் வெளிநாட்டில் பிறந்தவர்களாக இருக்கும் டொரன்டோவில் அதற்கென்று வகுப்புகள், கையேடுகள், மொழிபெயர்ப்பாளர்கள் எல்லாம் உண்டு. அவற்றில் கிடைக்காத தகவல் ஒன்று இருக்கிறது. எந்தக் குடும்ப மருத்துவர் இப்போது புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிறார், எந்தப் பள்ளியின் எந்த ஆசிரியர் பொறுமைசாலி, மண்வாரியில் பனி ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவ வேண்டும் என்பதெல்லாம் வாய்வழியாகத்தான் வரும். அதுவும் நெருங்கிய சொந்தக்காரரைவிட, எட்டத்துப் பழக்கக்காரரிடமிருந்தே அதிகம் வரும். நம் சொந்தக்காரருக்கும் நமக்குத் தெரிந்ததேதான் தெரியும். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிப் புகழ்பெற்ற கட்டுரையின் மையம் இதுதான். நகரத் தெருக்களைப் பற்றி 1961இல் எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ், நடைபாதையில் நடக்கும் ஆயிரம் அற்பமான உரையாடல்கள் சேர்ந்துதான் ஒரு தெருவின் நம்பிக்கை உருவாகிறது என்றார். அவர் 1968இல் நியூயார்க்கை விட்டு டொரன்டோவில் வந்து குடியேறியவர். இந்த ஊருக்கு அவரும் வந்தேறிதான்.

எல்லா முற்றமும் இப்படி இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில மேசைகளில் நம் நிறத்து ஆள் பொருளை எடுத்தால் விற்பவரின் கண் கையோடு சேர்ந்தே நகரும். சில தெருக்களில் ‘வெளியாட்கள் வந்து கார் நிறுத்துகிறார்கள்’ என்ற முணுமுணுப்பு உண்டு. மூட்டைப்பூச்சி பயத்தால் மெத்தையையும் சோபாவையும் தொடாமலிருப்பதே நல்லது. குழந்தைச் சாமான்களில் சட்டமும் இருக்கிறது. நம் வீடுகளில் சாதாரணமாக உருளும் பேபி வாக்கரைக் கனடா 2004இல் அடியோடு தடை செய்துவிட்டது. உட்கார்ந்தபடியே மாடிப்படியில் உருண்டு மண்டை உடைத்துக்கொண்ட குழந்தைகள் அதிகம் என்பது காரணம். ஊரிலிருந்து பாசத்தோடு கொண்டுவந்த வாக்கரை யார்ட் சேல் மேசையில் வைப்பதும் குற்றம்தான்.

இப்போது இந்த வியாபாரத்தின் பெரும்பகுதி செல்போனுக்குப் போய்விட்டது. கனடாவில் 2005 முதல் கிஜிஜி, பிறகு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ். ‘இன்னும் இருக்கிறதா?’ என்ற ஒரு வரி, விலை, முகவரி. பணம் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் போய்விடும். பொருள் வாசல் திண்டில் பையில் கிடக்கும். எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். விற்றவரின் குரல்கூடத் தெரியாது. வசதிதான், நானும் செய்கிறேன். ஆனால் அந்த ஸ்கேட்டுகளை இப்படி வாங்கியிருந்தால் பையனின் குதிகாலை யார் அழுத்திப் பார்த்திருப்பார்கள்?

செல்போனைவிடப் பெரிய குறை ஒன்று யார்ட் சேலிலேயே இருக்கிறது. விற்க யார்ட் வேண்டும். புல்தரை இருப்பவர் விற்கிறார், இல்லாதவர் வாங்குகிறார். வருகிறவருக்கு முற்றம் எங்கே இருக்கிறது? 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து டொரன்டோவுக்கு வந்தவர்களில் பலர் முதலில் தங்கியது நகர மையத்தை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்ககங்களிலும் வெலஸ்லி - பார்லிமென்ட் தெருக்கள் சந்திக்கும் பகுதியிலும்தான். அந்தத் தலைமுறையோடு பேசினால் முதல் சாப்பாட்டு மேசை, முதல் டிவி எந்தக் கராஜ் சேலில், எத்தனை டாலருக்கு என்று இன்றைக்கும் சொல்வார்கள். பிறகு ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வீடு வாங்கினார்கள். இன்றைக்கு அதே ஆட்கள் தங்கள் புல்லில் மேசை போட்டு, குஜராத்தி மாணவருக்கும் சிரியாவிலிருந்து வந்த குடும்பத்துக்கும் விற்கிறார்கள். பேரத்தில் தோற்பதுபோல் நடிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

என்னைக் கேட்டால், ஒருவர் இந்த ஊர்க்காரர் ஆகும் நாள் குடியுரிமைச் சான்றிதழ் வாங்கும் நாளல்ல. தன் மேசையைத் தான் போடும் நாள். வரவேற்கப்படுகிறவர் என்றைக்கும் விருந்தாளிதான். பிறரை வரவேற்க ஓர் இடம் கிடைத்தால்தான் வீட்டுக்காரர். அன்றைய வீட்டு விலையில் அந்த இடத்துக்கு வந்துசேர ஒரு தலைமுறை போதுமாக இருந்தது. இன்றைய விலையில் அடுக்ககத்திலேயே பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகிவிடுவார்கள்.

இதில்தான் டொரன்டோ கோட்டை விடுகிறது. உலகப் போருக்குப் பிறகு கட்டிய உயர்ந்த கான்கிரீட் அடுக்ககங்கள் இந்த நகரில் ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாலானவற்றைச் சுற்றிலும் பரந்த புல்தரை கிடக்கிறது. பூங்காவுக்குள் கோபுரம் என்ற அக்காலத்துக் கட்டடக்கலைக் கனவின் மிச்சம் அது. குடியிருப்பு என்றால் குடியிருப்பு மட்டும்தான் என்று நில உபயோக விதி இருந்ததால், அந்தப் புல்லில் ஒரு பழக்கடைகூடப் பல ஆண்டுகள் வர முடியவில்லை. 2010களின் நடுவில் மாநகராட்சி விதியைத் தளர்த்தி, நூற்றுக்கணக்கான அடுக்கக வளாகங்களில் சிறு கடைகளுக்கும் சந்தைகளுக்கும் வழிவிட்டது. காகிதத்தில் வழி இருக்கிறது; புல்லில் மேசைகளைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வழி இல்லாதபோதே வழி செய்தவர்கள் உண்டு. தார்ன்கிளிஃப் பார்க் பெரும்பாலும் அடுக்ககங்களால் ஆன பகுதி. தெற்காசியாவிலிருந்து வந்தவர்கள் நிறைந்தது. சபீனா அலி முன்னின்று நடத்திய பெண்கள் குழு ஒன்று அங்கே 2008இல் தொடங்கியது. ஆர்.வி. பர்கெஸ் பூங்காவைச் சீர்படுத்தச் சொல்லி மாநகராட்சியை விடாமல் நச்சரித்தார்கள். கோடை வெள்ளிக்கிழமைகளில் அங்கேயே சந்தை போட்டார்கள். துணி, வளையல், வீட்டில் செய்த தின்பண்டம். அனுமதிச் சீட்டுகளோடு அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. 2013இல் பூங்காவுக்குள் ஒரு தந்தூர் அடுப்பே வந்துவிட்டது. அது யார்ட் சேல் அல்லதான். ஆனாலும் முற்றம் இல்லாத பெண்கள் மேசைக்குப் பின்னால் நிற்க முடிந்தது. வேறு பகுதிக்காரர்கள் வாங்க வந்தார்கள். அந்த மாலைகளில் விருந்தாளி யார், வீட்டுக்காரர் யார் என்பது தலைகீழானது.

மாநகராட்சிகளுக்குக் கராஜ் சேல் என்றால் கட்டுப்படுத்த வேண்டிய விஷயம் என்றுதான் தெரியும். வீட்டுக்கு ஆண்டுக்கு இத்தனை முறை, மொன்ட்ரியாலின் சில வட்டாரங்களில் இன்ன வாரயிறுதிகளில் மட்டும், கம்பத்தில் அட்டை ஒட்டினால் அபராதம் என்று விதிகள். தினமும் ஒருவர் முற்றத்தைக் கடையாக்கிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. ஏழு மணி வியாபாரியை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அடுக்ககங்களுக்கு வேண்டியது கட்டுப்பாடல்ல, தூண்டுதல். மே முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு சனிக்கிழமை, வளாகப் புல்தரையைக் குடியிருப்போர் மேசைகளுக்குத் திறந்துவிட வேண்டும் என்று கட்டட உரிமங்களோடு ஒரு நிபந்தனை சேர்க்கலாம். மடக்கு மேசைகளை வட்டார நூலகமோ சமூகக் கூடமோ இரவல் தரலாம். மிஞ்சிய சாமானை மாலையில் அள்ளிக்கொண்டு போக மாநகராட்சி ஒரு லாரி அனுப்பினால் போதும். பெரிய செலவு அதுதான்.

கட்டட உரிமையாளர்கள் மறுப்பார்கள் என்பது தெரிந்ததே. யாராவது தடுக்கி விழுந்தால் இன்சூரன்ஸ் யார் கட்டுவது, புல் பாழாகுமே, குப்பை சேருமே என்பார்கள். இன்சூரன்ஸுக்கு மாநகராட்சி பூங்கா விழாக்களுக்குச் செய்யும் ஏற்பாட்டையே நீட்டலாம். குப்பைக்கு லாரி வருகிறது. புல்லைப் பொறுத்தவரை, அதை வாராவாரம் வெட்டும் எந்திரத்துக்கான காசு மேலே இருபது மாடிகளில் குடியிருப்பவர்களின் வாடகையிலிருந்துதான் போகிறது.